மயிரிழை இடைவெளி

பழைய மாருதி 800-இன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் மெக்கானிக் அண்ணன் அதன் நுனியைத்தான் பார்ப்பார். இளம் காப்பி நிறமென்றால் முகம் மலரும். கரி அப்பியிருந்தால் பிரஷ் எடுப்பார். பீங்கானில் விரிசல் தெரிந்தால் அது குப்பைக்கு. அதில் தயவே கிடையாது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஃபீலர் கேஜின் தகடுகளை விசிறிபோல விரித்து, 0.8 மி.மீ. தகட்டை பிளக் நுனியின் இடுக்கில் நுழைப்பார். தொளதொளவென்று போனால், வளைந்த கொம்பை மரப்பலகையில் மெல்ல ஒரு தட்டு. மறுபடி தகடு. இன்னொரு தட்டு, முன்னதைவிட மெதுவாக. நடுக்கம்பியை மறந்தும் நெருக்கமாட்டார். தகடு லேசாக உரசிக்கொண்டு வழுக்கும், அந்த மெல்லிய 'சர்ர்' காதில் விழுந்ததும் நிறுத்திவிடுவார். பிளக்கை விரலாலேயே மரையேற்றி, கடைசியில்தான் ஸ்பேனர். சாவியைத் திருப்பினால், காலையில் இருமிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரே சுருதியில் ஓடுகிறது.