கரி எரியவில்லை, விளக்கு எரிகிறது

குதிரைத்திறன், கியர், தூக்கும் எடை எல்லாம் ஷோரூம் நோட்டீஸிலேயே இருக்கின்றன. பேத்தமங்கலம் பக்கம் தக்காளி போட மச்சான் வாங்கிய புது டிராக்டரை, கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கிலிருந்து போய் இந்த சீசன் முழுக்க ஓட்டியது நான்தான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். என் புகார் அதன் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியது.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் டிரெம் 4 புகை விதி வந்தது. இந்த வண்டியில் அதற்காக டீசலை அடிக்கும் காமன் ரெயில், அதை ஆட்டிவைக்க ஈ.சி.யூ. என்ற கணினி, புகையில் வரும் கரியைப் பிடிக்க டி.பி.எஃப். வடிகட்டி. பிடித்த கரியை வண்டியே எரித்துக்கொள்ளும், புகை நன்றாகச் சூடேறினால். பெரிய வயலில் நாள் முழுக்க ரோட்டவேட்டர் இழுப்பவருக்குப் பிரச்சினையில்லை. எங்களுடையது துண்டு நிலம். அரை மணி பாத்தி போடுவோம். மல்ச்சிங் ஷீட் விரிக்கும் ஆள் வரும்வரை எஞ்சின் சும்மா ஓடும். பிறகு நாலு கிரேட் தக்காளியை ரோட்டோரம் இறக்குவோம். இதில் கரி எங்கே எரியும்? விளக்குதான் எரிகிறது.

எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி சுவிட்சை அழுத்த வேண்டும். ரேஸ் தானாக ஏறும். நின்ற இடத்திலேயே டீசல் போகும். சைலன்சர் கொதிப்பதால் ராகித்தாள் போர் பக்கம் நிறுத்தவும் கூடாது. ஒருமுறை மச்சான் பாதியில் அணைத்துவிட்டார். அப்புறம் வண்டிக்கு இழுவையே இல்லை. லேப்டாப்போடு ஆள் வரும்வரை பாதி உழுத நிலம் காய்ந்தது.

மாமனார் காலத்து மாஸி ஃபெர்குசன் 1035-இல் டீசல் தீர்ந்து காற்று புகுந்தால், ஸ்பானரால் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீடு பம்பைக் கையால் அடித்து, நுரை நின்று டீசல் வந்ததும் முறுக்கிவிட்டால் போதும். அதைச் செய்ய ஊரில் ஆளுக்கும் குறைவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் எங்கள் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதோடு வேலை போன ஃபிட்டர்கள் இன்னும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பெமல் தொழிற்சாலை ஆட்கள் வேறு. இவ்வளவு கைகள் இருக்கும் ஊரில் கம்பெனி லேப்டாப்பின் ஒரு பாஸ்வேர்டுக்காகக் காத்திருப்பதுதான் எரிச்சல்.

அமெரிக்காவின் கொலராடோவில், பண்ணை இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் கருவியையும் மென்பொருளையும் விவசாயிக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று 2023-இல் சட்டமே போட்டார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்து, விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. அதைச் சட்டமாக்கினால் நல்லது.

புது வண்டியின் ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம். 1035-ஐ ஓட்டினால் ராத்திரி தோள் தூங்கவிடாது, முகமெல்லாம் கரி. ஆனாலும் துண்டு நிலக்காரர் என்னைக் கேட்டால் 50 குதிரைத்திறனுக்குக் கீழேயே வாங்குங்கள் என்பேன். அந்த 2023 விதி அவற்றைத் தொடவில்லை, மெக்கானிக்கல் பம்ப் வண்டி கிடைக்கும். மச்சான் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஏ.சி. கேபின் வைத்த மாடல் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.