டிஸ்க் நலமா என்று யாரைக் கேட்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்லிலும் காக்களூர் தொழிற்பேட்டையின் பட்டறையிலும் கணினிக்குக் குளிரூட்டிய சர்வர் அறை வாய்ப்பதில்லை. எடைமேடைக்குப் பக்கத்து அறை, ஜன்னல் வழியே இரும்புத் தூசு, உலையின் சுமை ஏறி இறங்கும்போது தள்ளாடும் மின்னழுத்தம். இதற்கு நடுவில்தான் லாரி எடையும் டேலி கணக்கும் ஒரே டிஸ்கில் கிடக்கின்றன. ஒருநாள் சீட்டு அடிக்கத் தாமதமாகிறது, டேலி திறக்கும்போது திரை உறைகிறது. பழுது பார்க்க வருபவர் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடிக்கிறார். அந்த முதல் கட்டளை எது என்பதைப் பொறுத்துக் கணக்கு தப்பலாம், போகவும் செய்யலாம்.

பலரின் கை முதலில் போவது பேட்பிளாக்ஸுக்கு. டிஸ்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, படிக்க முடியாத பிளாக்குகளின் எண்ணைத் திரையில் வரிசையாகக் காட்டும். நேர்மையான கருவிதான். ஆனால் அது காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 1024 பைட்டை ஒரு பிளாக்காக அது எடுத்துக்கொள்ளும். இன்றைய பெரும்பாலான டிஸ்குகளில் உள்ளிருக்கும் செக்டர் 4096 பைட். கெட்டது ஒரே செக்டர் என்றாலும் திரையில் நான்கு எண்கள் வரும். பிளாக் அளவை 4096 என்று சொல்லிக் கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

அதைவிட ஆபத்தானது, ‘டபிள்யூ’ என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டும் எழுதிப் பார்க்கும் சோதனை. கெட்ட செக்டர், டிஸ்க் உபரியாக ஒதுக்கிவைத்திருக்கும் மாற்றிடத்துக்கு நகர்வது அதன்மேல் எழுதும்போதுதான் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு ‘எழுதிப் பார், சரியாகிவிடும்’ என்ற அறிவுரை சுற்றி வருகிறது. புது டிஸ்குக்கு அது பொருந்தும். கணக்கு இருக்கும் டிஸ்கில் அந்த ஓர் எழுத்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

டிடி கட்டளையால் முழு டிஸ்கையும் படித்து வெற்றிடத்துக்கு அனுப்புவது இன்னொரு பழக்கம். முதல் பிழையிலேயே அது நின்றுவிடுகிறது என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. எத்தனை செக்டர் கெட்டது என்பது இங்கே கேள்வியே அல்ல. ஒன்றாவது கெட்டதா, கோளாறு டிஸ்கினுள் தரவு பதியும் தட்டில் இருக்கிறதா அல்லது தட்டிலிருந்து மதர்போர்டு வரும் வழியில் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். டிடி இரண்டாவதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாது, பேட்பிளாக்ஸும் சொல்லாது. அதோடு, அதே டிடியை வைத்து நகலெடுக்க இறங்கினால், மூலத்தைக் குறிக்கும் ‘ஐஎஃப்’, இலக்கைக் குறிக்கும் ‘ஓஎஃப்’ இரண்டிலும் வித்தியாசப்படும் ‘ஐ’, ‘ஓ’ விசைகள் பலகையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. விரல் தவறினால் வெறும் டிஸ்க் கணக்கு டிஸ்கின்மேல் எழுதப்படும்.

இரண்டு கேள்விகளுக்கும் சில நொடியில் பதில் தருவது ஸ்மார்ட்சிடிஎல். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த குறிப்பை அது வாசித்துக் காட்டுகிறது. அதில் முதலில் கண்ணில் படும் ‘பாஸ்டு’ என்ற ஒட்டுமொத்தச் சான்றைத்தான் கவனத்திலிருந்து தள்ள வேண்டும். படிக்க முடியாத செக்டர்கள் காத்துக்கிடக்கும் டிஸ்குக்கும் அந்தச் சான்று கிடைக்கும். தயாரிப்பாளர் வைத்த வரம்பு அவ்வளவு தளர்வானது. பார்க்க வேண்டியவை கீழே உள்ள வரிகள். 5ஆம் எண் வரி மாற்றிடத்துக்குப் போன செக்டர்கள், 197ஆம் எண் வரி படிக்க முடியாமல் காத்திருப்பவை, 199ஆம் எண் வரி கேபிள் வழியில் சிதைந்த தரவு. 197 ஏறினால் பெரும்பாலும் தட்டில் நோய். 199 மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் கேபிளையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். 199 எப்போதும் குறையாது, ஆகவே பழைய எண்ணைக் கண்டு பயப்படாமல் கேபிளை மாற்றிவிட்டு இன்னும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தூசும் அதிர்வும் உள்ள இடத்தில் இந்த ஒரு வரி ஒரு நல்ல டிஸ்கைக் குப்பைக்குப் போகாமல் காக்கும்.

இந்தக் குறிப்பேட்டுக்கும் எல்லை உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்குக்கு, பிழை காணாததைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேல், 56 சதவீதத்துக்கும் அதிகமானவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எண் ஏறியிருந்தால் நம்பு, ஏறாவிட்டால் நிம்மதி கொள்ளாதே என்றுதான் இதை நான் படிக்கிறேன். பேக்கப்புக்கு ஈடாக எந்தச் சோதனையும் நிற்காது.

ஆகவே என் தீர்ப்பு ஸ்மார்ட்சிடிஎல் பக்கம். 197இல் சுழியம் தவிர எந்த எண் இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். ‘முழுசா ஒரு ஸ்கேன் போட்டுப் பார்ப்போம்’ என்று பேட்பிளாக்ஸை ஓட்டக் கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்கில் ஒவ்வொரு முழு வாசிப்பும் மிச்சமிருக்கும் ஆயுளைத் தின்கிறது. அந்த வாசிப்பைக் கணக்கை வெளியே எடுப்பதற்குச் செலவிடுவதுதான் முறை. அதற்கு உரியது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. எளிதில் படிக்கக் கூடியதை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கும். எங்கே நின்றது என்பதை ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கும்மிடிப்பூண்டியில் இது சின்ன வசதி இல்லை.

வரிகள் எல்லாம் சுத்தம், ஆனாலும் கணினி உறைகிறது என்றால் ஸ்மார்ட்சிடிஎல் வழியே நீண்ட சுயசோதனையை ஓடவிடலாம். ஆனால் அது டிஸ்குக்குள்ளேயே நடப்பது, கேபிளைத் தொடாது. அதுவும் தேறிவிட்டால்தான் பேட்பிளாக்ஸின் முறை: படிக்க மட்டும், 4096 பைட் பிளாக்கில். தட்டு, கேபிள், கன்ட்ரோலர் என்று முழு வழியையும் அது ஒருசேர ஓட்டிப் பார்க்கும். ஒரு டெராபைட் டிஸ்குக்கு, நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் டேலி கோப்புறையை வேறு டிஸ்குக்கு மாற்றியிருக்க வேண்டும்.