ஐம்படைத்தாலி அணிந்த பிள்ளைகள்: நெல்லைச் சீமையும் ஏலச் சந்தையும்

2023-இல் மும்பை பண்டோல்ஸ் ஏலத்தில் ராஜா ரவிவர்மாவின் ‘யசோதையும் கிருஷ்ணனும்’ ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு விலைபோனது. ஒரு தாய், ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளை யாரென்று சொல்லும் சில அடையாளங்கள். பிள்ளையைத் தெய்வக் கோலத்தில் காணும் இந்த மரபில் தாமிரபரணிக் கரைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எந்த ஏலப் பட்டியலிலும் தெரிவதில்லை. அதற்கான காரணங்களை இங்கேயே தேட வேண்டும்.

பாட்டில் எழுந்த உருவம்

இந்த ஆற்றங்கரையில் குழந்தையின் உருவம் முதலில் பாட்டில்தான் வரையப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்கும், அழகிய சொக்கநாத பிள்ளை நெல்லை காந்திமதி அம்மைக்கும் பாடினார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் செங்கீரையை மட்டும் பார்ப்போம். குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து அசைந்தாடும் நிலை அது. அந்தக் கைகளில் ஒன்று எழுந்து வெண்ணெய் உருண்டையை ஏந்தினால், செப்புத் திருமேனிகளிலும் தஞ்சாவூர் ஓவியங்களிலும் நாம் காணும் தவழும் கண்ணன் வந்துவிடுகிறான். புலவரும் ஓவியரும் ஒரே குழந்தையைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

அடையாளங்களும் வானத்திலிருந்து வந்தவை அல்ல. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் கோத்த ஐம்படைத்தாலியைத் தமிழ்நாட்டுத் தாய்மார் காப்பாகப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டினார்கள். தலையாலங்கானத்துப் போருக்குக் கிளம்பிய பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்பதைக் காட்ட, புறநானூற்றின் 77-ஆம் பாட்டு அவன் இன்னும் கழற்றாத தாலியைத்தான் சொல்கிறது. ஓவியர் கைக்கு வருமுன்பே, வீட்டுப் பிள்ளை புராணத்தைக் கழுத்தில் சுமந்திருந்தது.

பலகையிலிருந்து காலண்டருக்கு

தஞ்சாவூர் மரபில் பலாப் பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் பூசி, தங்க ரேக்கும் கற்களும் பதித்த குண்டுக் கண்ணன் பூஜையறைக்கு உரியவன். வசதியுள்ள வீடுகளே அவனை வாங்க முடிந்தது. 1894-இல் மும்பையில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை எளியவர் சுவருக்கும் கொண்டு சேர்த்தது. நெல்லைச் சீமையில் அந்த வேலையைத் தன் வழியில் செய்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, நாடகக் குழுவுக்குத் திரை எழுதி, நாற்பதுகளில் கோவில்பட்டியில் ஊன்றியவர். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். குருவும் சீடரும் ஒரே படத்தில் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். கனடிய ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இந்தக் கூடத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நாடகத் திரையில் பழகிய நிழலும் வெளிச்சமும் இந்தக் கூடத்துக் குழந்தைத் தெய்வங்களின் கன்னத்தில் தெரியும். உப்பிய கன்னம், நேரே நம்மைப் பார்க்கும் பெரிய கண், நெற்றிச்சுட்டி, மயிற்பீலி. அலங்காரம் தெய்வத்துக்கு, முகம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. தன் பிள்ளைக்குக் கண்ணன் வேடமிட்டுப் படமெடுக்கிற தாய்க்கு இந்த முகம் அந்நியமாக இருந்ததே இல்லை. இந்தக் கலையின் வெற்றி அங்கேதான் இருக்கிறது.

விலையும் காவலும்

ஏலத்தில் விலையை ஏற்றுவது அழகு மட்டுமல்ல. யார் வரைந்தது, யாருக்காக, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்ற கைமாறிய வரலாறு வேண்டும். ரவிவர்மாவின் அரண்மனை ஓவியங்களுக்கு அது உண்டு. கோவில்பட்டிப் படங்கள் சிவகாசி அச்சகங்களுக்காக வரையப்பட்டவை. அச்சு முடிந்தபின் காலண்டர்தான் ஊரெங்கும் போனது. மூல ஓவியத்தைப் போற்ற எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டு பேர் கையெழுத்திட்ட படத்தை எப்படி மதிப்பது என்பதும், தனி மேதையைத் தேடும் சந்தைக்குச் சிக்கல்தான்.

சட்டமும் உதவவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியம் நாட்டை விட்டு வெளியேற முடியாது. ரவிவர்மாவின் படைப்புகள் 1979-இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டதால் அவற்றுக்கும் காவல் உண்டு. கொண்டையராஜுவின் கோவில்பட்டிக் கால ஓவியங்கள் நூறாண்டைத் தொட 2040-களாகும். அதுவரை அவை தடையின்றி எங்கும் போகலாம்.

ஆகவே வேலை இப்போதே தொடங்க வேண்டும். நெல்லை அரசு அருங்காட்சியகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அச்சகங்களிலும் வீடுகளிலும் எஞ்சியிருக்கும் மூலங்களைப் படமெடுத்துப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். ஓவியர் பெயர், சீடர் பெயர், அச்சகம், ஆண்டு, படம் தொங்கிய வீடு: இத்தனையும் சொல்ல இன்னும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாளை ஏலக் கூடத்தில் ஒரு கோவில்பட்டிக் கண்ணன் வந்து நின்றால், அவன் ஊர் எது, அவனை எழுதிய கைகள் எவை என்று சொல்லும் உரிமை இந்தப் பதிவு இருந்தால்தான் நமக்குக் கிடைக்கும்.