கறுப்புப் பூனையும் குறுக்கே போகும் பூனையும்: சகுன வழக்குகளை மொழிபெயர்த்தல் குறித்து

ஆங்கிலக் கதையில் கறுப்புப் பூனை ஒன்று வரும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் பொதுவாகத் தயங்குவதில்லை. நிறத்துக்கு ஒரு சொல், விலங்குக்கு ஒரு சொல், பணி முடிந்தது. நம்மிடமும் பூனைச் சகுனம் இருப்பதால் வாசகர் தாமே புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையும் துணைநிற்கிறது. இதற்கு எதிர்த்திசையில், தமிழ்க் கதையில் பூனை குறுக்கே போகும் இடத்தை ஆங்கிலத்தில் தருவோர், மூலத்தில் இல்லாத கருமையைப் பூனைக்குப் பூசிவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இரு மொழிகளிலும் உள்ளது ஒரே நம்பிக்கை என்று கொள்வதால் வரும் பிழை இது. ஆங்கில வழக்கில் தீக்குறி பெயர்த்தொடரில், அதாவது விலங்கிலும் அதன் நிறத்திலும், தங்கியிருக்கிறது. நம் வழக்கில் அது வினையில் தங்கியிருக்கிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் எவ்வாறு தொலைகிறது என்பதைச் சில சான்றுகள் கொண்டு இங்கு ஆராயலாம்.

'பூனை குறுக்கே போயிற்று' என்னும் தமிழ்த் தொடரில் பூனைக்கு அடைமொழி இல்லை. கன்னடத்தில் 'பெக்கு அட்ட' போகிறது. மலையாளத்தில் 'பூச்ச குறுகெ' சாடுகிறது. இந்தியில் பூனை வழியை 'வெட்டுகிறது'. தெலுங்கில் பில்லி 'எதுரு' வருவதே பெரிதும் பேசப்படுவது. அங்கே அச்சு குறுக்கிலிருந்து எதிருக்கு மாறுகிறது. எந்த மொழியிலும் வழக்குத்தொடர் முழுமை பெற நிறம் தேவைப்படவில்லை. தேவைப்படுவது செல்பவன் ஒருவன், அவன் முன்னே ஒரு பாதை, அப்பாதைக்கு ஒரு குறுக்குக் கோடு. தடைக்கு மாற்றாகச் செய்யப்படுவனவும் இதையே காட்டுகின்றன. வீட்டுக்குத் திரும்பிச் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் புறப்படுவது பயணத்தைப் புதிதாகத் தொடங்குவது. வேறொருவர் முதலில் கடக்கட்டும் என்று காத்திருப்பது கோட்டை அவர் அழிக்கட்டும் என்பது. 'என் காரியத்தில் குறுக்கே வராதே' என்று மனிதரைப் பார்த்துச் சொல்லும்போதும் இதே குறுக்குதான் பேசுகிறது.

சகுனம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் பறவை. பழந்தமிழில் 'புள்' என்பதற்கும் பறவை, நிமித்தம் என்னும் இரு பொருளும் உண்டு. இலத்தீனில் நிமித்தத்தைக் குறிக்கும் சொல்லொன்று 'பறவை நோக்கல்' என்னும் பொருளில் அமைந்தது. மூன்று மரபுகளிலும் குறியின் பெயரே பறவையிலிருந்து பிறந்திருப்பதும், பறவையின் குறி அது பறக்கும் திசையிலும் எழுப்பும் ஒலியிலும் இருந்ததும் கருதத்தக்கன. பூனை இந்த இலக்கணத்துக்குள் பின்னர் வந்து சேர்ந்த விலங்கு. வந்தபோது பறவையின் வினையைத்தான் ஏற்றுக்கொண்டது. (தமிழில் சூனியத்தைச் சுட்டும் 'பில்லி'யையும் தெலுங்கு, இந்தி மொழிகளில் பூனையைச் சுட்டும் 'பில்லி'யையும் இணைத்துக் கதை கட்ட யாருக்கும் ஆசை வரும். ஒலி ஒப்புமை மட்டுமே வேர்ச்சொல் உறவுக்குச் சான்றாகாது.)

எட்கர் தர்ஸ்டன் 1912-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சகுனங்கள் பற்றிய நூல் இங்குப் பயன்படும். படுக்கையிலிருந்து எழுந்ததும் பூனையைக் காண்பது ஆகாது என்பதையும், பெண் பார்க்கப் புறப்படுகையில் பூனை குறுக்கிட்டால் அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிடும் வழக்கம் ஒரு சாராரிடம் இருந்ததையும் அவர் குறித்துள்ளார். இரு குறிப்புகளிலும் நிறம் இல்லை. முதற்குறிப்போடு, காரியம் கெட்டவர்கள் அன்று காலை பூனையை எதிர்கொண்டதாகச் சொல்லிக்கொள்வதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்த ஆங்கில வாக்கியத்துக்குப் பின்னால் நம் 'முகத்தில் விழித்தல்' மறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'யார் முகத்தில் விழித்தேனோ' என்பதில் விழித்தல் உறக்கம் கலைவதும் பார்ப்பதும் ஆகிய இரண்டையும் ஒருசேரச் சுட்டும். ஆங்கிலத்தில் அவை இரண்டு வினைகள். நம்பிக்கையைப் பதிவு செய்தவர் வினையை இழந்துவிட்டார்.

பழமொழிகளும் துணை நிற்கின்றன. மதில்மேல் பூனை, சூடு கண்ட பூனை, குட்டி போட்ட பூனை, கண்ணை மூடிக்கொண்ட பூனை: இவை அனைத்தும் இருக்கும் இடத்தாலோ செயலாலோ பட்ட அனுபவத்தாலோ வேறுபடுகின்றன, நிறத்தால் அல்ல. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டபோதும் அதற்கு நிறம் தரவில்லை.

இந்நம்பிக்கைகள் வெளிப்படும் வாக்கிய அமைப்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 'பூனை குறுக்கே போனால் ஆகாது' என்பதில் 'ஆகாது' இரு பொருள் தரும்: காரியம் நிறைவேறாது என்னும் முன்னறிவிப்பு, போகக் கூடாது என்னும் விலக்கு. இரண்டையும் பிரிக்காமல் நிற்பதே அச்சொல்லின் வலிமை. ஆங்கிலத்திலோ பூனை கெட்ட அதிர்ஷ்டத்தைக் 'கொண்டுவருகிறது'. அங்கே பூனை எழுவாய், வினைமுதல். இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவரும்' என்று எழுதும்போது, காட்டும் குறியாக இருந்த பூனையைச் செய்யும் கருத்தாவாக மாற்றிவிடுகிறோம். குறி என்பது வழிகாட்டிப் பலகை போன்றது. பலகையை யாரும் தண்டிப்பதில்லை. கருத்தாவைத் தண்டிக்கலாம்.

ஐரோப்பிய மரபில் பூனை கருத்தாவாகவே கருதப்பட்டது. 1233-இல் போப் ஒன்பதாம் கிரகோரி செருமானியப் பகுதியிலிருந்த சமய எதிர்ப்பாளர்களைப் பற்றி விடுத்த மடலில், அவர்களுடைய இரகசியச் சடங்கில் கறுப்புப் பூனையொன்று தோன்றுவதாக ஒரு வருணனை உள்ளது. அம்மடலால்தான் ஐரோப்பா முழுவதும் பூனைகள் கொல்லப்பட்டன, அதனால் எலிகள் பெருகிக் கொள்ளைநோய் பரவியது என்று பல எழுத்துகளில் காணப்படும் செய்திக்கு மடலில் ஆதாரம் இல்லை. பூனைகளைக் கொல்லுமாறு அது ஆணையிடவில்லை. ஆயினும் கறுப்புப் பூனை தீமையின் துணை என்னும் படிமம் நிலைபெற்றது. பின்னர்ச் சூனியக்காரியோடு இணைந்தது. ஒரே ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் பல பகுதிகளில் கறுப்புப் பூனை நற்குறி. சப்பானில் அது தீமையை விலக்கும் உருவம், 1957 முதல் ஒரு பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் சின்னமும்கூட. நன்மையோ தீமையோ, இவ்விடங்களிலெல்லாம் குறி நிறத்தில் இருக்கிறது.

எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'கறுப்புப் பூனை' கதையைத் தமிழாக்குவோர் சந்திக்கும் இடர்கள் இங்கேதான் தொடங்குகின்றன. அக்கதையில் எந்தப் பூனையும் யாருக்கும் குறுக்கே போய்ச் சகுனம் காட்டுவதில்லை. அது பின்தொடர்கிறது, மடியில் ஏறுகிறது, காலைச் சுற்றுகிறது. தமிழ் வாசகருக்கு இவை செல்லப் பூனையின் இயல்புகள். அச்சம் தருவன அல்ல. எனவே தலைப்பு தரும் எதிர்பார்ப்பும் கதையின் வினைகளும் தமிழில் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். இதைச் சரிசெய்வதற்காகத் தலைப்பிலோ முன்னுரையிலோ 'அபசகுனம்' என்னும் சொல்லைச் சேர்ப்பது தவறான மருந்து.

கறுப்புப் பூனைகளெல்லாம் மாறுவேடம் பூண்ட சூனியக்காரிகள் என்னும் பழைய நம்பிக்கையைக் கதைசொல்லியின் மனைவி அடிக்கடி குறிப்பிடுவாள். அதை அவள் மெய்யாக நம்பிச் சொல்லவில்லை என்று அவனே உடனே சேர்த்துக்கொள்கிறான். இங்குத் தமிழுக்கு ஆங்கிலத்திலும் மேலான கருவி ஒன்று உண்டு. 'சூனியக்காரிகளாம்' என்பதிலுள்ள 'ஆம்' என்னும் இடைச்சொல், கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பேற்கவில்லை என்பதை ஓரசையில் தருகிறது. 'என்று நம்பப்படுகிறது' என்று எழுதினால் இந்த விளையாட்டுத் தொனி மறைந்து மனைவி அறிக்கை வாசிப்பவள் ஆகிறாள். நம் மூடநம்பிக்கைப் பேச்சில் பெரும்பகுதி இந்த 'ஆம்' மீதுதான் நடக்கிறது. முழுதும் நம்பாமலே கடைப்பிடிப்பதற்கு அது இடம் தருகிறது. ஆனால் 'சூனியக்காரி' முழு நிகரன் அன்று. நம் சூனியக்காரி வைப்பவள், ஏவுபவள். பூனையாகத் தானே உருமாறுவது அவளுடைய முதன்மைத் தொழில் அன்று. அக்குறையை நிரப்பக் 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' என்று எழுதுவது அதனினும் பிழை. அது உயிர் வேறோர் உடலுள் புகுவது; சித்தர் மரபின் பெருமையும் அதில் ஏறிவரும். போ சொல்வது வேடம்.

முதற்பூனையின் பெயர் புளூட்டோ. பாதாள உலகின் தெய்வத்தின் பெயர். இன்றைய தமிழ் வாசகருக்கு அது 1930-இல் கண்டறியப்பட்டு 2006-இல் கோள் என்னும் தகுதியை இழந்த விண்பொருள். இதற்காக 'எமன்' என்று பெயர் மாற்றினால் முதற்பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். பெயரைக் காத்து, ஒரு சொல்லில் விளக்கம் தருவதே தக்கது. மேலும், கதைசொல்லி புளூட்டோவை ஆண்பாற் பதிலிப்பெயரால் சுட்டுகிறான். இரண்டாம் பூனைக்கு அஃறிணைப் பதிலிப்பெயரும் கலந்து வருகிறது. தமிழில் இரண்டும் 'அது'. முதற்பகுதியில் 'அது'வைக் குறைத்துப் பெயரையே திரும்பத் திரும்ப ஆள்வதும், ஓரிடத்தில் 'கடுவன்' என்று சொல்லிவைப்பதும் ஓரளவு ஈடுசெய்யும்.

நிறத்தைப் பொறுத்தவரை, கதையின் பிற்பகுதியில் அச்சுறுத்துவது கருமை அன்று. இரண்டாம் பூனையின் மார்பில் ஒரு வெண்திட்டு இருக்கிறது. அது மெல்ல மெல்லத் தூக்குமரத்தின் வடிவம் கொள்கிறது. கறுப்பு இங்கு எழுதுபலகை மட்டுமே. எழுத்து வெண்மையில் இருக்கிறது. (தூக்குமரத்துக்குக் 'கழுமரம்' என்று எழுதினால் நிமிர்ந்த கூர்ங்கழி மனத்தில் தோன்றும், வெண்திட்டின் வடிவம் கெடும்.) கறுப்பையே அழுத்தி அழுத்தி எழுதும் மொழிபெயர்ப்பு ஆசிரியரின் இந்தத் திருப்பத்தைக் காண முடியாது.

இதனோடு வைத்துப் படிக்க வேண்டிய இந்தியக் கதை பகவதி சரண் வர்மாவின் (1903–1981) 'பிராயச்சித்தம்'. அதிலும் ஒரு பூனைக் கொலை, அதிலும் குற்றவுணர்வு. பாலையும் நெய்யையும் தின்று தீர்க்கும் பூனையைப் பதினான்கு வயது மருமகள் பலகையால் அடிக்கிறாள். அது அசைவற்றுக் கிடக்கிறது. வீட்டுக்கு வரவழைக்கப்பட்ட பண்டிதர் கேட்பது எந்த வேளையில் நடந்தது என்பதை. என்ன நிறம் என்பதை அன்று. காலை வேளை என்றதும் பாவம் பெருகுகிறது, பொன்னால் செய்து தானம் தர வேண்டிய பூனையின் எடையும் பெருகுகிறது. இருபத்தொரு தோலாவில் தொடங்கிப் பதினொரு தோலாவுக்குப் பேரம் படியும். இறுதியில், பூனை எழுந்து ஓடிவிட்டதாக வேலைக்காரி வந்து சொல்வாள். போவின் கதையில் பாவத்துக்கு விலை இல்லை. இங்கே விலை மட்டுமே இருக்கிறது. இப்பூனையை ஆசிரியர் 'கப்ரி பில்லி' என்கிறார். கப்ரி என்றால் பல நிறத் திட்டுகள் உடையது. அகராதி பார்க்கச் சோம்பிக் கறுப்புப் பூனை என்று எழுதினால், பேரத்தைப் பற்றிய நகைச்சுவைக் கதை பேயைப் பற்றிய கதையாகத் திரிந்துவிடும். 'புள்ளி போட்ட பூனை' போதும்.

தமிழில் கருமைக்குத் தீய பொருளே இல்லை என்று நான் வாதிடவில்லை. பஞ்சாங்கத்தில் கரிநாள் உண்டு. சொன்னது பலிக்கும் கருநாக்கு உண்டு. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. அதே கருமை ஊர்க்காவல் தெய்வமாகிய கறுப்பசாமியிலும், மாயோனிலும், 1940களில் கருஞ்சட்டை அணிந்த இயக்கத்திலும் வேறு பொருள் கொள்கிறது. கறுப்புச் சந்தை, கறுப்புப் பணம், கறுப்புப் பட்டியல் போன்றவையோ ஆங்கிலத் தொடர்களின் நேர்பெயர்ப்புகள். தீமை என்றால் கறுப்பு என்னும் சமன்பாட்டை அன்றாட வழக்கில் இறுக்கிக் கட்டியவை இவை. மனிதரின் தோல் நிறத்தை வைத்து மணமகளுக்கு விலை பேசும் சமூகத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையின்றிச் சேர்க்கும் ஒரு 'கறுப்பு' வெறும் அடைமொழியாக நின்றுவிடுவதில்லை.

சொல்லமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கருநாகம், கருங்குருவி என்பவை வகைப்பெயர்கள். 'கறுப்புப் பூனை' வருணனை. மலையாளம் 'கரிம்பூச்ச' என்று தொகையாக்கி, 1984-இல் உருவான தேசியப் பாதுகாப்புப் படையினரையும் அப்பெயராலேயே அழைக்கிறது. தமிழில் 'கறுப்புப் பூனைப் படை' என்னும் நெடுந்தொடரே பெருவழக்கு. சீருடையால் வந்த இப்பெயரில் பூனை காவலனாகிவிட்டது. ('கருப்பு' என இடையின ரகரமிட்டு எழுதுவது இன்று பரவலாயினும், பழைய வழக்கில் அது பஞ்சத்தையும் குறிக்கும் என்பதைப் பிழைதிருத்துநர் நினைவிற் கொள்வது நல்லது.)

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது காக்க வேண்டியது வினையின் அச்சு. 'குறுக்கே'க்கு ஓரளவு நேர்ச்சொல் கிடைக்கும், 'எதிரே'க்குக் கிடைப்பதில்லை. புறப்படுபவன் 'எதிரே' கைம்பெண் ஒருத்தி வந்தாள் என்று நம் எழுத்தாளர் எழுதுமிடத்தில், பூனைக்கு உரிய அதே இலக்கணம் ஒரு மனுஷியின்மேல் செலுத்தப்படுகிறது. அவள் அவனை நோக்கி நடந்து வந்தாள் என்று ஆங்கிலத்தில் தந்தால் கொடுமை மறைந்துவிடும். அபசகுனமான கைம்பெண் என்று தந்தால், சமூகம் அவள்மேல் சுமத்தியதை மொழிபெயர்ப்பாளரே அவளுடைய பண்பாக எழுதிவிடுகிறார். வந்தவளைச் சொல்லாமல், புறப்பட்டவன் நின்றதையும் செருப்பைக் கழற்றித் திண்ணையில் மீண்டும் உட்கார்ந்ததையும் சொல்வது ஒரு வழி.