பேய்க்குக் கால் உண்டா?

பதினைந்து வயது மாணவரைப் பேய்க்கதை எழுதச் சொன்னால், பெரும்பாலான ஏடுகள் நள்ளிரவில் தொடங்கும். ஆந்தை அலறும், நாய் ஊளையிடும், வெள்ளைச் சேலை ஒன்று அசையும், ஈற்றில் எல்லாம் கனவாய்ப் போகும். இக்குற்றம் மாணவருடையதன்று. அச்சக்கதையின் மரபுகள் இவையெனக் கரும்பலகையில் பட்டியல் எழுதிப் போடும் ஆசிரியருடையது. மூடநம்பிக்கை என்று பேய்க்கதையை வகுப்பினுள்ளேயே நுழையவிடாதாரும் உளர். அவர்க்குப் பட்டியலாசிரியரே மேல்.

மரபை அறிந்த வாசகனிடம் அம்மரபு பொய்க்கும் இடத்திலேதான் அச்சம் பிறக்கின்றது. இதனை விளக்கப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யினும் சிறந்த பாடம் கிடைப்பதரிது. இக்கதையின் பெயர் தாங்கிய தொகுதி 1943இல் வெளிவந்தது. பிச்சை கேட்டுப் பகலில் வாசலுக்கு வருகின்றாள் ஒருத்தி. பேயின் கால் தரையில் பாவாது என்பது நம் பிள்ளைகள் பாட்டியிடம் கற்ற இலக்கணம். கதை சொல்லும் கணவனும் அதனையே சோதிக்கிறான். கால்கள் தரையில்தான் பாவுகின்றன! ஐயம் தீர்ந்திருக்க வேண்டும்; மாறாக, வளர்கின்றது. மனைவியோ இரக்கங்கொண்டு அவளை வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். கதை கட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் நடுங்குகிறான்.

கலிங்கத்துப்பரணியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். செயங்கொண்டார் பேய்களின் வயிறு, பல், பசி எதனையும் விட்டுவைக்கவில்லை. அவை போர்க்களத்தில் கூழட்டு உண்ணும்போது நமக்கு நகையே மிகுகின்றது. முழுதும் காட்டப்பட்ட பேய் அஞ்சத்தக்கதன்று போலும். தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கை வைத்தார். அவ்வணங்கைக் காட்டும் அளவைப் புலவன் கைக்கு விட்டார்.

மலேசிய மாணவர்க்குப் பொந்தியானாக்கும் அயலன்று. 1957இல் பி. என். ராவ் என்னும் இந்திய இயக்குநர் அதனை மலாய்ப் படமாக்கினார். பிடரியில் ஆணி இருக்கும்வரை அவள் அழகிய மனைவி என்பது மலாய் வழக்கு. ஆணி கழன்றால் என்னாகும் என்று எல்லாருக்கும் தெரியும். காஞ்சனைக்கு அத்தகைய ஆணி இல்லை. அவள் யார் என்று துணியவும் வழியில்லை.

ஆகவே, கால்கள் பாவும் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்தி, மேற்கொண்டு எழுதுமாறு பணிக்கலாம். எழுதியபின் மூலத்தைப் படிக்கட்டும். காஞ்சனை பேயென எழுதியவனும் அன்றென எழுதியவனும் கதையிலிருந்து சான்று காட்டினால், இருவர்க்கும் முழு மதிப்பெண் தருக. ஆந்தையை அலறவிட்டவன் மறுபடி எழுதட்டும்.