தொப்பியும் கண்ணாடியும்

ஆலிவர் சாக்ஸின் 'மனைவியைத் தொப்பி என்று நினைத்த மனிதர்' 1985ல் வந்தது. தலைப்புக் கட்டுரையில் வரும் இசை ஆசிரியர் டாக்டர் பி.க்குக் கண்ணில் கோளாறு இல்லை. முகங்கள்தான் பிடிபடாது. ஐன்ஸ்டீன் படத்தை முடியையும் மீசையையும் வைத்துச் சொல்லிவிடுகிறார். மாணவர்கள் வாயைத் திறந்தால்தான் யாரென்று தெரியும். கிளம்பும்போது தொப்பி என்று நினைத்து மனைவியின் தலையைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார்.

சிரிப்பு வரத்தான் செய்யுது. எனக்கு உறுத்தலும் அங்கேதான். கடைசிவரை சாக்ஸ் பார்க்கிறவர், பி. பார்க்கப்படுகிறவர்.

2010ல் வந்த 'மனக்கண்' நூலில் பார்க்கப்படுகிறவரே சாக்ஸ்தான். தனக்கும் சிறுவயதிலிருந்தே முகங்கள் பதிவதில்லை என்கிறார். எதிரே நின்ற தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டால், அது கண்ணாடி! கதையாக முதல் கட்டுரைதான் சுவாரசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டாவதில் ஓர் இடம் இருக்கிறது. தன்னைக் கூச்சக்காரர், ஒட்டாதவர், கிறுக்கர் என்று பிறர் சொன்னதில் பெரும்பங்கு இந்தக் குறையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது என்கிறார். நம்ம ஊரில் இதற்கு ரெடியாக ஒரு தீர்ப்பு உண்டு: "பாத்தும் பாக்காத மாதிரி போறான்."

போனின் முகப் பூட்டு திறக்காவிட்டால் எண்ணைத் தட்டுகிறோம், அவ்வளவுதான். மனிதர் அடையாளம் காணாவிட்டால் உறவே முறிகிறது. பொறியியல் படித்த எனக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டியது இரண்டாவது கட்டுரை.

அதன்பிறகு முதல் கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். தலையைப் பிடித்தபோது மனைவி இதெல்லாம் பழகிப்போனவர்போல இருந்தார் என்று சாக்ஸ் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.