ஊழிக்குப் பிந்தைய உலகமும் சிறுமுதலீட்டுத் திரைப்படமும்

அணுப்போரோ கொள்ளைநோயோ எரிபொருள் பஞ்சமோ உலக ஒழுங்கைக் குலைத்தபின் எஞ்சிய மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைச் சித்திரிப்பவை ஊழிக்குப் பிந்தைய திரைப்படங்கள் எனப்படும். பாழடைந்த நகரங்களைத் திரையில் எழுப்பப் பெரும்பொருள் வேண்டும் என்றாலும், இவ்வகையின் இலக்கணத்தை வகுத்த படங்களுள் பல மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. பற்றாக்குறையே இக்கதைகளின் கருப்பொருளாதலால், தயாரிப்பில் நேரும் பற்றாக்குறையைக் கதையுலகின் பற்றாக்குறையாக மாற்றும் வாய்ப்பு இங்கு உண்டு. அவ்வாய்ப்பைப் படைப்பாளி எவ்வாறு கையாள்கிறார் என்பதே இம்முறையின் நிறைகுறைகளை மதிப்பிடும் அளவுகோலாகும்.

பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962-இல் வெளியிட்ட, 28 நிமிடம் ஓடும் 'லா ஜெட்டே' இதற்குச் சிறந்த சான்று. மூன்றாம் உலகப்போருக்குப் பின் பாரிஸின் நிலத்தடியில் வாழ்வோரின் கதையை அப்படம் ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்களையும் பின்னணிக் குரலையும் கொண்டே சொல்கிறது; ஒரு பெண் கண்விழிக்கும் காட்சியில் மட்டுமே படம் அசைகிறது. நினைவொன்றைப் பற்றிக்கொண்டு வாழும் மனிதனின் கதைக்கு உறைந்த படங்களே உரிய வடிவமாதலால், சிக்கனம் அங்கே அழகியலாகிறது. ஜார்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) உலகின் சரிவை ஒரு பண்ணைவீட்டுக்குள் அடக்கியது. வெளியுலகம் பெரிதும் வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளாகவே உள்ளே வருவதால், காட்டப்படாத அழிவு பார்வையாளரின் மனத்தில் பெருகுகிறது. எனினும், சிறு தயாரிப்பின் நலிவு படம் முடிந்தபின்னும் தொடர்வதை இதே படம் உணர்த்துகிறது: வெளியீட்டின்போது தலைப்பை மாற்றியதில் பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போக, படம் பதிப்புரிமைப் பாதுகாப்பை இழந்து, படைத்தவர்களுக்குச் சேரவேண்டிய வருவாய் பிறரிடம் சென்றது.

எண்ணிமக் கருவிகள் பரவியபின் செலவின் தடைகள் சில தளர்ந்தன. கேரத் எட்வர்ட்ஸ் 5 லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த 'மான்ஸ்டர்ஸ்' (2010) படத்தை, சிறு குழுவோடு மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பயணம் செய்தவாறே படமாக்கி, கணினி வரைகலையைக் கடையில் கிடைக்கும் மென்பொருள் கொண்டு தாமே செய்தார். ஐக் புயல் சிதைத்த டெக்ஸாஸின் கால்வெஸ்டன் பகுதியும் அதில் இடம்பெற்றது. செட் அமைத்து எளிதில் எட்டமுடியாத மெய்ம்மை இவ்வாறு கைகூடினாலும், அவ்விடிபாடுகளில் வீடிழந்தோரின் துயரம் வேறொரு கதையின் பின்புலமாகக் கரைந்துவிடுகிறது என்பதால், உண்மைப் பேரிடரைக் கடன்பெறும் கலை அறப்பொறுப்பையும் ஏற்றாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் மில்லர் இயக்கிய 'மேட் மேக்ஸ்' (1979), மெல்போர்னைச் சுற்றியுள்ள ஆளரவமற்ற சாலைகளையே சட்டம் தளர்ந்த எதிர்காலமாக்கி, சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் பன்மடங்கு ஈட்டியது. ஆனால் முறையான அனுமதியின்றிச் சாலைகளை மறித்தும் பாதுகாப்பு ஏற்பாடுகள் குறைந்த நிலையில் வாகனச் சாகசங்களை நிகழ்த்தியும் எடுக்கப்பட்ட படம் அது. பணத்தில் மிச்சப்பட்டதை உழைப்பவரின் உடல் ஈடுசெய்யும் நிலையை எந்த வெற்றியும் நியாயப்படுத்தாது. அதன் தொடர்ச்சியான 1981-ஆம் ஆண்டுப் படத்தைப் பின்பற்றி 1980-களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெருகிய மலிவுப் படங்கள், தோலாடையையும் ஒட்டுப்போட்ட வாகனங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருள் தந்த எரிபொருள் பஞ்சத்தின் அச்சத்தைப் பெரும்பாலும் கைவிட்டன.

இவற்றினும் ஆழமான குறை, சமூகம் திரையிலிருந்து மறைந்துபோவதாகும். இரண்டு மூன்று நடிகரும் ஒரு வீடும் ஒரு காடும் போதும் என்னும் வசதி, அழிவு எதனால் வந்தது, அதன் சுமை யார்மீது கூடுதலாக விழுகிறது என்னும் கேள்விகளைத் தவிர்த்து, மனிதனுக்கு மனிதனே பகை என்னும் தேய்ந்த முடிவில் கதையை நிறுத்திவிடுகிறது. இக்குறை தவிர்க்கமுடியாததன்று. பீட்டர் வாட்கின்ஸ் பிபிசிக்காக எடுத்த 'தி வார் கேம்' (1965), தொழில்முறை நடிகரல்லாத மக்களைக் கொண்டு, செய்திப்படத்தின் பாணியிலேயே, கெண்ட் பகுதியின்மீது அணுகுண்டு விழுந்தபின் உணவுக் கலவரங்களும் காவல்துறையின் துப்பாக்கிச்சூடும் நிகழ்வதைக் காட்டியது. அதன் தாக்கத்துக்கு அஞ்சிய பிபிசி 1985 வரை அதனைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பவில்லை.

ஆகவே, சிறுமுதலீடு தன்னளவில் பெருமையுமன்று, குறைகளை மன்னிக்கும் காரணமுமன்று. எதைக் காட்டாமல் விடுவது என்னும் முடிவு கதையின் தேவையிலிருந்து பிறக்கும்போதும், பிறருடைய உடலும் துயரமும் மலிவுப்பொருளாகாதபோதும், எஞ்சிய மனிதரோடு அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய அமைப்பும் விசாரிக்கப்படும்போதும், பெருஞ்செலவுப் படங்கள் தொடத் தயங்கும் உண்மைகளைச் சொல்லும் ஆற்றலை இம்முறை பெறுகிறது.